லைஃப்போட்: மீட்புப் படகா, உயிர்காப்புப் படகா?

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்கள் பலவற்றின் பின்புறத்தில், ஒரு சாய்தளத்தின் மேல் மூக்கைக் கடலை நோக்கி இறக்கியபடி ஆரஞ்சு நிறப் படகு ஒன்று இருக்கும். அதுதான் லைஃப்போட். தமிழில் சிலர் மீட்புப் படகு என்கிறார்கள், சிலர் உயிர்காப்புப் படகு என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

2015 வெள்ளத்தில் கோட்டூர்புரத்துக்கும் முடிச்சூருக்கும் வந்தவை மீட்புப் படகுகள். வெளியிலிருந்து வந்து ஆளைத் தூக்கிப் போவது மீட்பு. லைஃப்போட்டோ கப்பலோடு கூடவே போகிறது. கப்பல் இனித் தாங்காது என்றால் அதில் இருப்பவர்களே ஏறிப் பிழைக்கிறார்கள். ஆகவே உயிர்காப்புப் படகுதான் சரி.

ஆங்கிலத்தில் லைஃப்போட் என்ற சொல் இரண்டுக்கும் பொது. 1789இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையில் நின்ற கூட்டத்தின் கண்ணெதிரே மாலுமிகள் மாண்டார்கள். அதற்கப்புறம் அங்கே கட்டி 1790இல் கடலில் இறக்கிய படகு, கரையிலிருந்து போய்க் காப்பாற்றும் வகை. கப்பலில் தொங்கும் படகுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

1912இல் டைட்டானிக்கில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். படகுகள் 20, இடம் 1,178 பேருக்கு. சட்டப்படி அதுவே அதிகம்! அன்றைய பிரிட்டிஷ் விதி ஆளை எண்ணவில்லை, கப்பலின் கொள்ளளவைத்தான் பார்த்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்காக 1914இல் உருவான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம்தான் கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இடம் வேண்டும் என்றது.

அந்தச் சாய்தளப் படகில் எல்லோரும் பின்பக்கம் பார்த்து, பெல்ட் போட்டு உட்கார வேண்டும். கொக்கியை விடுவித்ததும் படகு அப்படியே கடலில் பாயும். அந்த அதிர்ச்சியை முதுகும் இருக்கையும் வாங்கிக்கொள்ளும். உள்ளே தலைக்கு 3 லிட்டர் குடிநீர், உணவு, மருந்துப் பெட்டி, தூண்டில்கூட இருக்கும்.

பழைய சொல் வேண்டுமென்றால் திருக்குறளிலேயே இருக்கிறது. 'இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்' என்கிறது 306ஆம் குறள். ஏமம் என்றால் பாதுகாப்பு, புணை என்றால் தெப்பம். கேட்கவே ஆசையாக இருந்தாலும் லைஃப்போட்டுக்கு இதைச் சூட்ட மாட்டேன். அது இன்ஜின் வைத்த முழுப் படகு. கப்பலின் மேல்தளத்தில் வெள்ளைப் பீப்பாய்க்குள் மடங்கிக் கிடந்து, தண்ணீரில் விழுந்து, கட்டியிருக்கும் கயிறு இழுபட்டதும் காற்றடைத்து விரியும் லைஃப் ராஃப்ட் இருக்கிறதே, ஏமப்புணை அதற்குத்தான் அச்சாகப் பொருந்தும்.