கூப்பிட்டால் வராத இரண்டு நாய்கள்

சிப்பிப்பாறை நாயின் கழுத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். தலை எங்கே முடிந்தது, கழுத்து எங்கே தொடங்கியது என்று விரலுக்குப் பிடிபடாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். அதனால் சாதாரணக் கழுத்துப்பட்டையை மாட்டி இழுத்தால் நாய் இரண்டடி பின்வாங்கித் தலையைக் குனியும். பட்டை உங்கள் கையில் இருக்கும், நாய் தெருவில் இருக்கும். கோவில்பட்டியில் நண்பர் ஒருவர் வீட்டில் இது என் கண்முன் நடந்தது. எதிரே ஒரு வெள்ளாடு போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நண்பர் பெயர் சொல்லிக் கத்தினார், விசிலடித்தார், கடைசியில் கோழிக்கறி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். நாய் முக்கால் மணி நேரம் கழித்து, தனக்குத் தோன்றியபோது வந்தது.

நாட்டு நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: சிப்பிப்பாறையா, இராஜபாளையமா? இரண்டும் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள். இரண்டும் பழைய வேட்டை நாய்கள். அடுத்த கேள்வியும் தவறாமல் வரும்: எது சொன்ன பேச்சைக் கேட்கும்? இரண்டுமே கேட்காது. எந்தக் காரியத்தில் அது உங்களைக் கேட்காமல் தானே முடிவெடுக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஹங்கேரியின் புடாபெஸ்டில் நாய்களின் நடத்தையை ஆராயும் ஆடம் மிக்லோசியின் குழு 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டது. பெட்டிக்குள் இருக்கும் இறைச்சியை எடுக்க நாய்களும் மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களும் பழக்கப்பட்டன. பிறகு பெட்டியைத் திறக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள். ஓநாய்கள் பெட்டியோடு மல்லுக்கட்டின. நாய்களோ சற்று முயன்றுவிட்டுத் திரும்பி, கூட இருந்தவரின் முகத்தைப் பார்த்தன. அந்த முகம் பார்த்தல்தான் நாய் என்ற பிராணி.

ஆனால் எல்லா நாய்களும் ஒரே அளவில் மனிதரைக் கவனிப்பதில்லை. 2009இல் அதே நகரத்து ஆய்வாளர்கள், கை நீட்டிக் காட்டும் திசையை எந்த நாய்கள் சரியாகப் பின்தொடர்கின்றன என்று பார்த்தார்கள். மனிதரின் சைகைக்கேற்ப வேலை செய்ய வளர்க்கப்பட்ட ஆடு மேய்க்கும் இனங்கள் முந்தின. எசமானின் பார்வைக்கு அப்பால் தனியே வேலை செய்த வேட்டை, காவல் இனங்கள் பிந்தின. இதை மூளைக் குறைவு என்று சொல்வது அநியாயம். முயலைத் துரத்துகிற நாய் ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்த்தால் முயல் கிடைக்குமா? முகம் பார்க்காத நாயிடமிருந்தே கரிசல் காட்டில் அடுத்த தலைமுறைக் குட்டி எடுத்தார்கள்.

சிப்பிப்பாறை தானே எடுக்கும் முடிவு, துரத்துவது. அதன் உடம்பே அந்த முடிவுக்காகச் செய்யப்பட்டது. 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நாய்களின் விழித்திரைகளை எடுத்துப் பார்த்தபோது, நீண்ட மூக்குள்ள நாய்களுக்கு நரம்புச் செல்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல் அடர்ந்திருந்தன. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அவை நடுவில் ஒரு வட்டமாகக் குவிந்திருந்தன. வட்டம் எதிரே உள்ள முகத்தைப் பார்க்க நல்லது. பட்டை, தொடுவானம் நெடுக அசைவதைப் பார்க்க நல்லது. ஓட்டமும் அப்படித்தான். குதிரை பாய்ந்தோடும்போது ஒரு சுற்றில் ஒருமுறை நான்கு கால்களும் தரையை விடும். இவ்வகை நாய்களுக்கு இருமுறை: முதுகை வில்லாக மடக்கும்போது ஒன்று, நீட்டி விரியும்போது ஒன்று. அசைவு கண்ணில் பட்ட நொடிக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே உங்கள் குரலுக்கு இடமே இல்லை.

அதனால் கோழி மேயும் தெருவில், மதில் இல்லாத வீட்டில் இதை வளர்க்காதீர்கள். காட்டு முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓட விட வேலியிட்ட இடம்தான் தேட வேண்டும். ஓடி முடித்ததும் வீட்டுக்குள் துணி மூட்டைபோல் சுருண்டு கிடக்கும். விலா எலும்பு தெரிவது அதன் இயல்பு. பட்டினி போடுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் சொல்லட்டும். இன்னொன்று: இதே உடல்வாகுள்ள கிரேஹவுண்டு நாய்களுக்குக் கொழுப்பு குறைவு, கல்லீரல் சில மருந்துகளை மெதுவாகவே சிதைக்கிறது, தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து கொடுத்தால் தெளிய வெகுநேரமாகும். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் நாயின் வகையைச் சொல்லுங்கள்.

இராஜபாளையம் ஓடுவதில் அவ்வளவு பிடிவாதம் காட்டாது. அதன் முடிவு வேறு: வாசலில் நிற்பவர் உள்ளே வரலாமா, கூடாதா. 2005இல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த இந்தப் பால் வெள்ளை நாய், வீட்டார் யார் என்று மனத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எரிவாயு உருளை கொண்டுவருபவரும் உங்கள் மகளின் பள்ளித் தோழிகளும் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், 'நல்லவர்தான், விடு' என்று நீங்கள் சொல்வதற்கு மதிப்பு குறைவு. நாய்க்குட்டிக்குப் புதியவர்களை ஏற்கும் மனம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் திறந்து பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டி மூடத் தொடங்குகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் பல்லாண்டுச் சோதனைகளில் காட்டினார்கள். எட்டு வாரம் தாயோடு இருக்க வேண்டிய குட்டி உங்கள் கைக்கு வரும்போது மீதி நான்கே வாரம். ஆள் நடமாட்டம் இல்லாத தோப்பில் கட்டிவைத்து வளர்த்துவிட்டு, பிறகு நாய் கடிக்கிறது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வெள்ளைக்கு ஒரு விலையும் உண்டு. மயிருக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்கின்றன. அங்குள்ள திரவத்தின் பொட்டாசியம் அளவைக் காக்க அவை வேண்டும். அந்தச் செல்கள் போய்ச் சேராத காதில், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் மடிந்துவிடுகின்றன. வெள்ளையில் புள்ளி போட்ட டால்மேஷியன்களில் இது அமெரிக்காவில் ஏறக்குறைய 30% நாய்களிடம் ஒரு காதிலாவது காணப்பட்டது. இராஜபாளையம் குட்டிகளிலும் செவிடு உண்டு. விற்பவர் பின்னால் நின்று கைதட்டிக் காட்டுவார், குட்டி திரும்பும். காற்று பட்டோ மற்ற குட்டிகளைப் பார்த்தோகூடத் திரும்பியிருக்கலாம். ஒரே ஈற்றின் மற்ற குட்டிகளை விலக்கிவிட்டு, இது தூங்கும்போது பின்னாலிருந்து நான்கடி தள்ளிச் சாவிக்கொத்தை மெல்லக் குலுக்குங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும். மண்டையில் மின்முனை வைத்துப் பார்க்கும் சோதனைதான் அதைப் பிடிக்கும்.

இத்தனையும் சொன்னாலும், 2022இல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களைப் படித்தும் வெளியான ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்குமான குண வேறுபாட்டில் சுமார் 9% மட்டுமே இனத்தால் விளங்கியது. ஆகவே இனப் பெயரைக் கேட்டதும் பணத்தை எடுக்காமல், குட்டியின் தாயைப் பார்க்கப் போங்கள். அது உங்களைப் பார்த்து உறுமுகிறதா, உங்கள் தோளுக்கு மேல் தூரத்தில் எதையோ பார்க்கிறதா?

கோவில்பட்டி நண்பர் இப்போது இழுத்தால் சற்றே இறுகும் மூன்று விரல் அகலப் பட்டை வாங்கியிருக்கிறார். மதிலை இரண்டடி உயர்த்திவிட்டார். கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, வெளிக்கதவை இரண்டுமுறை இழுத்துப் பார்க்கிறார்.