மீன்பிடித் தடைக்காலம்: மலையில இருக்கிற நாமளும் தெரிஞ்சுக்க வேண்டிய எடைக் கணக்கு

ஏப்ரல் 15 தாண்டிட்டா நம்ம நீலகிரி கூடலூர் மார்க்கெட்ல மீன் பொட்டி பக்கம் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, வர்றவங்க எல்லாரும் கேக்குறது ஒன்னுதான், "என்னண்ணே இவ்ளோ வெல?" மீன் விக்கிற அண்ணனும் "தடைக்காலம்மா"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு. அந்த வார்த்தைக்குப் பின்னாடி என்ன சட்டம், யாருக்கு என்ன பணம், எதுக்காக இதெல்லாம்னு எங்க எஸ்டேட் லைன் வீட்டுல கூட நெறைய பேருக்குத் தெரியல. அதான் எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.

மொதல்ல ரூல். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ல வந்தது, அதுக்குக் கீழ 2001ல இருந்து வருஷா வருஷம் தடை போடுறாங்க. ஆரம்பத்துல 45 நாள், 2017ல இருந்து 61 நாள். கெழக்குக் கடற்கரைக்கு, அதாவது திருவள்ளூர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துலயே மேக்குப் பக்கம் இருக்கிற கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாள்கள்ல விசைப்படகும் இழுவைப்படகும் கடலுக்குப் போகக் கூடாது, ஆனா வள்ளம், கட்டுமரம், நாட்டுப்படகு போகலாம், கரைக்குப் பக்கத்துல சின்ன வலை போடுறவங்க பொழப்ப நிறுத்தல. அதனாலதான் தடைக்காலத்துலயும் கடையில மீன் இருக்கு, இத வெச்சு "தடையெல்லாம் சும்மா பேருக்கு"னு பேசுறது தப்பு.

நம்ம ஊருக்கு வெலை ரெண்டு தடவ ஏறுறதுக்குக் காரணமும் இதுலயே இருக்கு. ஏப்ரல்ல கெழக்குப் பக்கம் மூடினதும் நாடுகாணி வழியா கோழிக்கோட்டுப் பக்கத்து மீன்தான் நமக்குக் கை குடுக்கும். அப்புறம் ஜூன் 9 ராத்திரியில இருந்து ஜூலை 31 வரைக்கும் 52 நாள் கேரளாவுல டிராலிங் தடை, அதாவது இழுவைப்படகு ஓடக் கூடாது. ஜூன் 14 ராத்திரிதான் கெழக்கு தொறக்கும், அதனால நடுவுல இருக்கிற அந்த அஞ்சு நாள் ரெண்டு பக்கமும் பெரிய படகு ஓடாது, பொட்டியில ஐஸ்தான் ஜாஸ்தி தெரியும்.

இப்போ பணம். தடைக்காலத்துல கடலுக்குப் போக முடியாத மீனவக் குடும்பத்துக்கு மாநில அரசு நிவாரணம் குடுக்குது. முன்னாடி 5,000 ரூபா, 2023 ஆகஸ்ட்ல ராமநாதபுரம் மாவட்டத்துல நடந்த மீனவர் மாநாட்டுல முதலமைச்சர் ஸ்டாலின் 8,000 ஆக்குறதா அறிவிச்சாரு. ரெண்டு மாசத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 8,000, யோசிச்சுப் பாருங்க. நாம கிலோவுக்கு நூறு ரூபா கூடக் குடுக்குறோம்னு பொலம்புறோம், அங்க வீட்டுல அடுப்பெரியணும். இது பத்தவே பத்தாதுன்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, எதுக்கு இவ்ளோ பெரிய ஏற்பாடு? "மீன் முட்ட போடுற காலம்"னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உண்மைதான், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிறது எடைக் கணக்கு. கடல்ல ஒரு எடத்துல உயிரோட நீந்திட்டு இருக்கிற மீன் எல்லாத்தையும் சேத்து எடை போட்டா எவ்ளோ வரும், அதத்தான் பயோமாஸ்னு சொல்றாங்க, பாடப் புத்தகத்துல உயிர்த்திரள்னு இருக்கும். தலைய எண்ணாம ஏன் எடை? ஒரு மத்தி 10 சென்டிமீட்டர், இன்னொன்னு 20 சென்டிமீட்டர்னு வெச்சுக்கங்க. நீளம் ரெண்டு மடங்குதான், எடை கிட்டத்தட்ட எட்டு மடங்கு, ஏன்னா அகலமும் தடிப்பும் சேந்து வளருது. நெறைய மீன் வகையில பெரிய தாய் மீன் போடுற முட்டை சின்ன மீன் போடுறத விட பல மடங்கு. அதனால குஞ்சு மீன் ஆயிரம் இருந்தாலும் பெரிய மீன் இல்லாத கடல் நல்லா இருக்கிற கடல் கெடையாது, எண்ணிக்கை அதக் காட்டாது, எடை காட்டும்.

எப்படி அளக்குறாங்கன்னு கேட்டா நம்ம மலைக்காரங்களுக்குச் சுலபமாப் புரியும். 2024ல வரையாடு கணக்கெடுப்பு நடந்துச்சே, காட்டுல குறிச்ச எடத்துல நடந்து போயி கண்ணுல பட்டத எழுதி, கடைசியில தமிழ்நாட்டுல 1,031ன்னு சொன்னாங்களே, அதே மாதிரிதான் தண்ணிக்குள்ளயும். பவளப்பாறை மேல ஒரு டேப்ப நீளமா விரிச்சு, டைவர் அதுகூடவே மெதுவா நீந்திக்கிட்டு, ரெண்டு பக்கமும் கண்ணுல படுற மீன் என்ன வகை, எவ்ளோ நீளம்னு பிளாஸ்டிக் பலகையில எழுதிக்குவாரு, நீளத்துல இருந்து எடைய ஃபார்முலா போட்டு எடுத்துடலாம். ஆழ்கடலுக்கு இது ஆகாது, அங்க ஆராய்ச்சிக் கப்பல்ல வலை இழுத்தும், ஒலி அனுப்பி எதிரொலிய வெச்சும் கணக்குப் போடுறாங்க.

2015ல வெளியான ஒரு ஆய்வுல உலகம் முழுக்க 800க்கும் மேல பவளப்பாறைகள இப்படிப் பாத்திருக்காங்க. மீனே புடிக்காம விட்டா ஒரு ஹெக்டேருக்குச் சுமாரா 1,000 கிலோ மீன் இருக்கும்னு கணக்கு வந்துச்சு, அதாவது ரெண்டரை ஏக்கர் டீத் தோட்டம் அளவு எடத்துல ஒரு டன். ஆனா மீன் புடிக்கிற பாறைகள்ல 83 சதவீதத்துல அதுல பாதி கூட இல்ல. புடிக்கிறத நிறுத்தினா பழைய நெலமைக்குப் பக்கத்துல வர சராசரியா 35 வருஷம், ரொம்ப மோசமான எடத்துக்கு 59 வருஷம் ஆகும்னு சொல்றாங்க. இத வாசிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. எடை கொறைஞ்சா மீன் மட்டும் போறதில்ல, கிளி மீன் மாதிரி பாசி மேயிற மீன் போச்சுன்னா பாசி பவளத்த மூடிடும், காட்டுல மான் கொறைஞ்சா புலி பட்டினி கெடக்குற மாதிரி ஒன்னு போனா இன்னொன்னு போகும். நம்ம மன்னார் வளைகுடாவுல 21 தீவச் சுத்தி 1986லயே கடல் தேசியப் பூங்கா அறிவிச்சதும் இந்தப் பவளத்தையும் கடல்புல்லையும் காப்பாத்தத்தான்.

ஒரு விஷயம் குழப்பிக்கக் கூடாது. கரைக்கு வந்த மீன் எடை வேற, கடல்ல இருக்கிற எடை வேற. தடை முடிஞ்சு மொத வாரம் படகு நெறைய கொண்டு வந்தா கடல் தேறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, இருந்தத வாரிட்டு வந்ததாவும் இருக்கலாம். கரைக்கு வந்ததுலயும் பாருங்க, கேரளாவுல 2012ல மத்தி மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன், 2021ல வெறும் 3,297 டன். கடல் சூடானது ஒரு காரணம், குஞ்சையும் வாரினது இன்னொன்னு. 61 நாள் மூடிட்டு மிச்ச 300 நாள் கொசுவலை மாதிரி வலையில புடிச்சா தடைக்குப் பலனே இல்ல, அதனாலதான் வலைக் கண்ணி (ஓட்டை) அளவுக்கும் ரூல் இருக்கு, கேரளாவுல 10 சென்டிமீட்டருக்குக் கீழ மத்தியும் 14க்குக் கீழ அயிலையும் புடிக்கவே கூடாது.

போன ஜூலையில எங்க பக்கம் மழை கொட்டிட்டு இருந்தப்போ அரைக் கிலோ மத்தி வாங்கிட்டு வந்தேன். அம்மா கழுவுறப்ப, "என்னடி இது, நெத்திலி மாதிரி இருக்கு"ன்னாங்க. பொண்ணோட ஸ்கேல எடுத்து வெச்சுப் பாத்தேன், மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் எட்டரை சென்டிமீட்டர். அடுத்ததும் எட்டரை, இன்னொன்னு ஒம்பது. அதுக்கப்புறம் கடைக்குப் போறப்பெல்லாம் என் நடுவிரல பக்கத்துல வெச்சுப் பாக்குறேன், அது ஏழரை சென்டிமீட்டர், விரலத் தாண்டி நல்லா நீளமா இருந்தாத்தான் வாங்குறது. ரெண்டு மூணு வாட்டி வாங்காம வந்ததும் மீன் கடை அண்ணன் ஏன்னு கேட்டாரு, சொன்னேன். "எனக்கு வர்ற பொட்டியில என்ன இருக்கோ அதத்தானேம்மா விக்க முடியும்"னாரு, அதுவும் நியாயம்தான். அன்னிக்கு அயிலை வாங்கினேன், நீளம் 19.