நாடு ஒன்றியத்தில் சேரலாம், உங்கள் கார்டு சேராது

போன மாதம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். மகன் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். கையில் செர்பியாவில் ஒரு வேலைக்கான ஒப்பந்தம். ஏஜெண்ட் சொன்ன சம்பளம் 900 யூரோ, கேட்ட தொகை ஆறரை லட்சம்.

"வேலை நல்ல வேலையாவே இருந்தாலும் ஆறரை லட்சம் ஜாஸ்தி இல்லையா ஐயா?" என்றேன்.

"வேலைக்காக இல்ல சார். இன்னும் ரெண்டு வருசத்துல செர்பியா ஐரோப்பிய யூனியன்ல சேந்துருமாம். சேந்துட்டா செர்பியாவுல தங்கக் குடுக்குற இதே கார்டு ஜெர்மனிக்கும் செல்லுமாம். அந்த ஏஜெண்ட் தம்பி மேப்பு போட்டுக் காட்டுச்சு."

அந்த மேப்பை நானும் பார்த்திருக்கிறேன். உறுப்பு நாடுகள் கருநீலம், காத்திருக்கும் நாடுகள் வெளிர்நீலம். வெளிர்நீலம் எல்லாம் சீக்கிரமே கருநீலம் ஆகிவிடும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. வெளிநாட்டு வேலை, படிப்புக்கான ஆவணங்களைப் படித்து யோசனை சொல்வது என் தொழில். முன்பெல்லாம் ஏஜெண்டுகள், உண்மையில் இல்லாத வேலையை விற்றார்கள். இப்போது இன்னும் வராத தேதியை விற்கிறார்கள்.

மேப்பில் இல்லாத கதையைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில், அதாவது அவர் சொன்ன யூனியனில், இப்போது 27 நாடுகள். கடைசியாக உள்ளே வந்தது குரோவேஷியா, 2013 ஜூலை 1 அன்று. அது விண்ணப்பித்தது 2003இல். ஓரளவு ஒழுங்காக நடந்த வேலைக்கே பத்து வருடம். அதற்குப் பிறகு ஒரு நாடும் சேரவில்லை. பிரிட்டன் வெளியே போனதுதான் மிச்சம்.

வரிசையில் வேட்பாளர் தகுதியோடு, அதாவது சேர மனுப் போட்டு அதை ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நிலையில், நிற்பவை ஒன்பது: துருக்கி, வடக்கு மாசிடோனியா, மாண்டினீக்ரோ, செர்பியா, அல்பேனியா, போஸ்னியா, உக்ரைன், மால்டோவா, ஜார்ஜியா. கொசோவோவும் மனுப் போட்டிருக்கிறது. ஆனால் ஸ்பெயின் உட்பட ஐந்து உறுப்பு நாடுகள் அதை ஒரு நாடாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

துருக்கி மனுக் கொடுத்தது 1987இல். 2005இல் பேச்சுவார்த்தை தொடங்கியது, 2018இல் அப்படியே உறைந்துபோனது. வடக்கு மாசிடோனியா கதை அதைவிடப் பாவம். 2005இலேயே வேட்பாளர். 'மாசிடோனியா' என்ற பெயர் எங்களுடையது என்று கிரேக்கம் வழிமறித்தது. 2019இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். மறு வருடம் மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி பல்கேரியா மறித்தது. ஒவ்வொரு படிக்கும் எல்லா உறுப்பு நாடுகளும் தலையாட்ட வேண்டும் என்பது விதி. நம் ஊரில் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பூர்வீக நிலப் பத்திரம் முடியும் இல்லையா, அதே சங்கதிதான்.

ஜார்ஜியா 2023 டிசம்பரில் வேட்பாளர் ஆனது. ஓராண்டு முடிவதற்குள், 2028 இறுதிவரை பேச்சுவார்த்தை வேண்டாம் என்று அதன் அரசே அறிவித்துவிட்டது. மக்கள் தலைநகர் திபிலீசியின் தெருக்களில் இறங்கினார்கள். மால்டோவாவில் 2024 அக்டோபரில் பொதுவாக்கெடுப்பு நடத்தி, நூலிழையில் 'ஆம்' வென்றது. செர்பியா 2014இல் பேச்சைத் தொடங்கி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கொசோவோவோடு உறவைச் சீராக்க வேண்டும், ரஷ்யா மீதான தடைகளில் ஒன்றியத்தோடு சேர வேண்டும் என்ற இரண்டு முள்ளும் தொண்டையிலேயே நிற்கின்றன. முன்னால் ஓடுவது மாண்டினீக்ரோ, அடுத்து அல்பேனியா. முதல் நாடு 2028 என்றும் இரண்டாவது 2030 என்றும் இலக்கு வைத்திருக்கின்றன. அது அவர்களுடைய ஆசைத் தேதி, யாரும் கொடுத்த வாக்கு அல்ல.

சரி, நாளைக்கே செர்பியா சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெல்டர் தம்பிக்கு என்ன கிடைக்கும்? ஒன்றியத்துக்குள் எங்கும் போய் வேலை பார்க்கும் உரிமை உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. செர்பியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அது வரும். செர்பியாவின் டிஆர்சி கார்டை, அதாவது தற்காலிகமாகத் தங்குவதற்கான அனுமதி அட்டையை, வைத்திருக்கும் இந்தியருக்கு வராது. ஏற்கெனவே உறுப்பு நாடான குரோவேஷியாவின் கார்டை வைத்துக்கொண்டுகூட ஜெர்மனியில் வேலை செய்ய முடியாது. 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். வேலைக்கு ஜெர்மனியிடமே தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

அந்தக் குடிமக்களுக்கே கதவு உடனே திறந்துவிடவில்லை. 2004 மே மாதம் போலந்து உட்படப் பத்து நாடுகள் ஒரே நாளில் சேர்ந்தன. போலந்துக்காரர் ஜெர்மனியில் தடையில்லாமல் வேலைக்குப் போக முடிந்தது 2011 மே முதல்தான். ஏழு வருடம்! குரோவேஷியர்களை ஆஸ்திரியா 2020 வரை காக்கவைத்தது. சொந்தப் பிள்ளைக்கே இத்தனை நாள் காத்திருப்பு என்றால், அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் அநேகமாக யாருக்கும் இது தெரிவதில்லை. ஒரு நாடு ஒன்றியத்தை நெருங்க நெருங்க, நம்மைப் போன்றவர்களுக்கு அதன் வாசல் குறுகிக்கொண்டே போகும். செர்பியாவே சாட்சி. 2017 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் அங்கே தங்கலாம் என்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இறக்கி, அங்கிருந்து ஹங்கேரி வழியாக ஆஸ்திரியாவுக்குள் தள்ளிவிடும் வியாபாரம் 2022இல் கொடிகட்டிப் பறந்தது. உன் விசாக் கொள்கையை எங்களுடையதோடு பொருத்து என்று ஒன்றியம் செர்பியாவை நெருக்கியது. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. வேட்பாளர் நாடு என்றால் விதிகளை ஒவ்வொன்றாகப் பெரிய வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் நாடு. அந்த விதிகளில் நம்மை வடிகட்டுவதும் ஒன்று.

பெயர்க் குழப்பத்தையும் ஏஜெண்டுகள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். மாண்டினீக்ரோவில் யூரோதான் புழங்குகிறது, ஆனால் அது ஒன்றியத்தில் இல்லை. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஷெங்கன் வட்டத்தில் இல்லை. நார்வே 1972, 1994 என்று இரண்டு முறை வாக்கெடுப்பு வைத்து ஒன்றியம் வேண்டாம் என்றது, ஆனாலும் ஷெங்கனில் இருக்கிறது. ஐரோப்பிய அரசியல் சமூகம் என்று 2022இல் பிராக் நகரில் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு உண்டு; நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் கூடிப் பேசும் இடம், அதற்குமேல் இல்லை. அதன் இரண்டாவது மாநாடு மால்டோவாவில் நடந்தது. அந்தக் குழுப் படத்தைக் காட்டி "பாருங்க, மால்டோவா உள்ளே வந்தாச்சு" என்று ஒருவர் அட்மிஷன் பிடித்ததைக் கண்ணால் கண்டேன்.

அட்மிஷன் என்றதும் ஜார்ஜியா நினைவுக்கு வருகிறது. "ஒன்றியத்துல சேந்துட்டா அங்க படிக்கிற எம்.பி.பி.எஸ். ஐரோப்பா முழுக்கச் செல்லும்ல சார்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. பட்டங்களைத் தாமாக ஏற்கும் ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதி, அடிப்படையில் ஒன்றியக் குடிமக்களுக்காக எழுதப்பட்டது. ஒரு நாடு புதிதாகச் சேரும்போது, அதற்கு முன் தொடங்கிய படிப்புகளுக்குத் தனி நிபந்தனையும் வரும். பிள்ளை ஊர் திரும்பி மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிப் பாடம், அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தக்க பட்டம். ஒன்றியம் இதில் எந்த வரியிலும் வராது.

வேலைக்குப் போகிறவர்கள் முதலில் ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஆறரை லட்சம் என்று ஒருவர் சொன்னால், மிச்சம் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்.

புதுக்கோட்டை அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் முகத்தில் இன்னும் அந்த மேப்புதான் இருந்தது. மகன் மட்டும் ஒப்பந்தத்தை வாங்கி, முதல் முறையாக என்று நினைக்கிறேன், வரி வரியாகப் படித்தான்.

"சார், இதுல யூரோன்னே இல்லையே. எழுபதாயிரம் தினார்னு போட்டுருக்கு. ஒரு யூரோக்கு எத்தன தினார்?"

"ஏறக்குறைய 117."

போனை எடுத்துக் கணக்குப் போட்டான். வந்த எண்ணை ஒன்றும் பேசாமல் அப்பா பக்கம் திருப்பிக் காட்டினான்.