'நூறு வருஷத்துக்கு எரிவாயு இருக்கிறது' என்றால் என்ன கேட்க வேண்டும்?

ஷேல் என்னும் இறுக்கமான களிமண் பாறையில் தோண்டும் கிணறுகளில் எவ்வளவு எரிவாயு வரும் என்று கணிப்பது என் தொழில். அது தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்பது, "பூமிக்கடியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்றுதான். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்குக் காணும் என்று எங்கோ படித்திருப்பார்கள். மொத்த வளத்தை ஒரு வருஷச் செலவால் வகுத்தால் அப்படியொரு விடை வரும். வகுத்தல் சரிதான். ஆனால் நாளைக்கு வரத்து எப்படி இருக்கும், விலை என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்லாது.

2011-ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், போலந்தில் எடுக்கக்கூடிய ஷேல் எரிவாயு 187 லட்சம் கோடி கன அடி என்று மதிப்பிட்டது. மறு வருஷமே போலந்தின் நிலவியல் நிறுவனம் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும் என்றது. எக்ஸான்மொபில் இரண்டு கிணறுகள் தோண்டிப் பார்த்துவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே வணிக அளவில் ஷேல் எரிவாயு வரவே இல்லை. அதே 2012-ல், பென்சில்வேனியா பக்கத்து மார்செலஸ் பாறைப் படிவத்தின் மதிப்பீடும் 410-லிருந்து 141 லட்சம் கோடி கன அடியாகக் குறைக்கப்பட்டது. அங்கேயோ உற்பத்தி அதற்கப்புறமும் மளமளவென்று ஏறியது. ஆக, மண்ணுக்கடியில் உள்ள எண் பெரிதானாலும் சிறிதானாலும், குழாயில் வருவதை வேறு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன.

முதலாவது, கிணறு எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்பது. ஷேல் பாறையில் வாயு தானாக ஓடிவராது. கிடைமட்டமாகத் துளையிட்டு, நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்தால், பிளவை ஒட்டிய வாயு வேகமாக வெளியேறும். தள்ளியிருப்பது மெல்லக் கசியும். அதனால் பல கிணறுகளில் முதல் வருஷத்திலேயே உற்பத்தி 60, 70 சதவீதம் விழுந்துவிடுகிறது. அமெரிக்கா நாளொன்றுக்கு 10,000 கோடி கன அடிக்கு மேல் எடுக்கிறது, அதில் முக்கால் பங்குக்கு மேல் ஷேல். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மட்டத்தைக் காப்பது மாதிரிதான் இது. புதுக் கிணறு தோண்டுவதை நிறுத்தினால் வருஷத்துக்குள் தெரிந்துவிடும்.

ஒரு கிணற்றின் உற்பத்தி போகப் போக எப்படிக் குறையும் என்று கணிக்க, ஆர்ப்ஸ் என்பவர் 1945-ல் தந்த சரிவுச் சமன்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அது வழக்கமான எண்ணெய், எரிவாயு வயல்களுக்காக வந்தது. ஷேல் கிணற்றின் முதல் சில மாதத் தரவை அதில் போட்டால், பின்னாளில் வரப்போகும் வாயு இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும். ஆறு மாதத் தரவை வைத்து முப்பது வருஷத்துக்குக் கோடு இழுத்த அறிக்கைகள் இப்போதும் என் மேசைக்கு வருகின்றன. முதலீட்டாளர் யாராக இருந்தாலும், எத்தனை மாதத் தரவு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அப்புறம் விலை. 2024 வசந்த காலத்தில், அமெரிக்க எரிவாயுவுக்கு அடிப்படையான ஹென்றி ஹப் சந்தை விலை, பத்து லட்சம் பிடியூ (வெப்ப அளவு) ஒன்றுக்கு 2 டாலருக்குக் கீழே போனது. ஈக்யூடி, செசபீக் போன்ற பெரிய நிறுவனங்களே உற்பத்தியைக் குறைத்தன. வாயு அதே இடத்தில்தான் இருந்தது, எடுப்பது கட்டுப்படியாகவில்லை. லூசியானா, கிழக்கு டெக்சஸ் பகுதியின் ஹேன்ஸ்வில் படிவம் 10,000 அடிக்கும் கீழே, கடும் அழுத்தத்தில் இருக்கிறது. அங்கே கிணறு தோண்டச் செலவு அதிகம். நல்ல விலை வந்தால்தான் ரிக்குகள் (துளையிடும் இயந்திரங்கள்) திரும்பும்.

மேற்கு டெக்சஸ், நியூ மெக்சிகோ பக்கத்து எண்ணெய்ப் பகுதியான பெர்மியனின் கதை வேறு. அங்கே எண்ணெய்க்காகத் தோண்டும்போது வாயு கூடவே வருகிறது. கொண்டுபோகக் குழாய்வழி போதாமல் 2024-ல் மேற்கு டெக்சஸின் வாஹா சந்தையில் விலை பல நாட்கள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. விற்பவரே காசு கொடுத்து வாயுவைத் தள்ளிவிட்டார். மேட்டர்ஹார்ன் என்ற புதுக் குழாய்வழி வந்ததும் நெருக்கடி சற்றுத் தணிந்தது. எண்ணெய் விலை விழுந்தால் இந்த வாயுவும் குறையும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஏற்றுமதிதான். 2016-ல் லூசியானாவின் சபின் பாஸ் ஏற்றுமதி முனையத்திலிருந்து எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு) ஏற்றிய முதல் கப்பல் கிளம்பியது. 2023-ல் அமெரிக்கா உலகின் மிகப் பெரிய எல்என்ஜி ஏற்றுமதி நாடாகிவிட்டது. இன்னும் முனையங்கள் கட்டப்படுகின்றன. அவற்றின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 20 வருஷத்துக்கு. அவற்றுக்கு வாயு தரும் கிணறுகளோ முதல் சில வருஷத்திலேயே பெரும் பங்கைக் கொடுத்துவிடுகின்றன. நல்ல இடங்களை முதலில் தோண்டுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். பத்தாவது வருஷம் தோண்டப்போகும் இடம் எது, அதன் செலவு என்ன என்று நீண்டகால ஒப்பந்தம் போடுபவர்கள் கேட்டே ஆக வேண்டும். பஞ்சம் வரும் என்று நான் சொல்லவில்லை. 2 டாலர் வாயுவை நம்பி 20 வருஷத் திட்டம் போடுவது ஆபத்து.

இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால், எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாராவாரம் வெளியிடும் எரிவாயுச் சேமிப்பு அறிக்கையையும், பேக்கர் ஹியூஸ் நிறுவனம் தரும் ரிக் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். ரிக் எண்ணிக்கை மட்டும் போதாது; கிடைமட்டத் துளை முன்பைவிட நீண்டுவிட்டதால், குறைந்த ரிக்குகளே அதிக வாயு தருகின்றன. ஆனால் விலை பல மாதம் அடிமட்டத்தில் கிடந்து, ரிக்குகளும் குறைந்து, சேமிப்பும் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால், அடுத்த குளிர்காலத்துக்கான வாயுவை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.