கேரிக்கின் 'இயல்பு நடிப்பு': நடிகர்கள் கவனிக்க வேண்டியது

இயல்பாக நடிப்பது என்றால் எதையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாமல் மேடையில் நிற்பது என்ற எண்ணம் பயிற்சிக்கு வருபவர்களிடம் வலுவாக இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நடிகர் டேவிட் கேரிக்கைக் கூர்ந்து படித்தால் அது கலைந்துவிடும்.

அண்ணனோடு ஒயின் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 1741 அக்டோபர் 19 அன்று லண்டன் குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக ஏறியபோது வயது 24. வசனத்தை ராகம்போல் இழுத்துப் பேசுவதே அன்றைய வழக்கம். வரிக்கு வரி முகம் மாறிய இவரைப் பார்க்க ஊரே திரண்டது.

அவர் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக, இறந்த தந்தையின் ஆவியைக் காணும் காட்சியை ஜெர்மானிய இயற்பியலாளர் லிஷ்டன்பர்க் நேரில் பார்த்து, 1775இல் கடிதமாக எழுதியிருக்கிறார். குளிருக்கு மேலங்கிக்குள் கைகளைக் கட்டி, தொப்பியைக் கண்வரை இறக்கியபடி கேரிக் வருகிறார். மேடையின் பின்பக்கம் நகர்ந்து, பார்வையாளருக்கு முதுகு காட்டும் வேளையில் நண்பன் ஹொரேஷியோ "அதோ வருகிறது" என்கிறான். சட்டென்று திரும்புகிறார். அதே வீச்சில் இரண்டு மூன்று அடி பின்வாங்க, முழங்கால் தொய்கிறது, தொப்பி விழுகிறது. இடக்கை ஏறக்குறைய முழுதாக நீண்டு தலை உயரத்தில் நிற்கிறது. வலக்கை மடங்கிச் சற்றுத் தாழ இருக்கிறது. விரல்கள் விரிய, வாய் திறந்தபடி உறைந்துபோகிறார், நண்பர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். முதல் வசனம் வருவது மூச்சின் முடிவில்.

கட்டியிருந்த கை என்பதால்தான் நீளும்போது அது பெரிதாகத் தெரிகிறது. மறைந்திருந்த முகம் என்பதால்தான் தொப்பி விழுவதற்குப் பொருள் இருக்கிறது.

இதைப் போலச் செய்பவர்கள் கடைசி நிலையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். திரும்புவதும் பின்வாங்குவதும் இரண்டு தனிச் செயலாகப் பிரிந்தால் அச்சம் போய், கணக்குத் தெரியும். இரு கையும் ஒரே உயரத்தில் நீண்டால் பேருந்தை நிறுத்துகிறவர் மாதிரி இருக்கும். பெரும்பாலும் நடக்கும் தவறு மூச்சில்தான்: நெஞ்சு நிறைய இழுத்துவிட்டுப் பேசினால் அது பிரகடனமாகிவிடும். மூச்சை விட்டு, மிச்சத்தில் பேசிப் பாருங்கள். குரல் தானாக நடுங்கும்.

ஷேக்ஸ்பியரின் காவலராகக் கொண்டாடப்பட்டவர், 1772இல் அதே ஹாம்லெட்டிலிருந்து கல்லறைக் குழிவெட்டிகள் காட்சியையே நீக்கினார் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் திருத்திய பிரதியை அப்படியே பின்பற்றத் தேவையில்லை.

1747இல் ஜேம்ஸ் லேஸியுடன் ட்ரூரி லேன் அரங்கைக் கையில் எடுத்து, 1776இல் ஓய்வு பெறும்வரை நடத்தினார். மேடைமேலேயே பார்வையாளர் உட்கார்ந்திருந்த காலம் அது. வசூல் நடிகருக்கே போகும் நிதியிரவுகளில் அந்த இருக்கைகள் நல்ல வருமானம். வெறுமனே தடை போட்டிருந்தால் சக நடிகர்களே எதிர்த்திருப்பார்கள். 1762இல் பார்வையாளர் கூடத்தைப் பெரிதாக்கி இழப்பை ஈடுகட்டினார், பிறகுதான் மேடையைக் காலிசெய்தார். பிரான்ஸ் பயணம் முடிந்து திரும்பிய 1765இல், மேடைமேல் தொங்கிய மெழுகுவத்திச் சரவிளக்குகளை எடுத்துவிட்டு, கண்ணில் படாதபடி மேடையின் இருபுறமும் நிற்கும் பக்கத்தட்டிகளின் மறைவில் விளக்குகளை அமைத்தார்.

ஆவிக் காட்சியை ஒத்திகை பார்க்கும்போது முன்விளக்கைக் குறைத்து இருபக்கமும் ஒளி வையுங்கள். விரிந்த விரல்கள் தனித்தனியே தெரிவது அப்போதுதான்.