அச்சுப்படம் பழையது, நகையும் பழையதா?

பழைய ஐரோப்பிய நகைகளை மதிப்பிடும் வேலையில் அடிக்கடி நேர்வது இது. பதக்கத்தோடு கூடவே ஒரு பழைய அச்சுப்படத்தின் நகலும் மேஜைக்கு வரும். "ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான், அப்போ இது 16ஆம் நூற்றாண்டு நகைதானே?" என்பார்கள். அந்தப் படம் டிசைனின் வயதை மட்டும்தான் சொல்லும். நகை எப்போது செய்யப்பட்டது என்பது வேறு விஷயம்.

அந்தத் தாள்களை அச்சிட்டதே பொற்கொல்லர்கள் பார்த்துச் செய்வதற்காகத்தான். ஹான்ஸ் கொல்லார்ட் வரைந்த பதக்கங்களை 1581-82இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப்பில் பிலிப்ஸ் காலே வெளியிட்டார். கடல் விலங்கின் முதுகில் ஆட்கள் அமர்ந்திருக்க, கீழே முத்துகள் தொங்கும் அழகான வேலைப்பாடு அவை. இடப்பாதி ஒரு மாதிரி, வலப்பாதி வேறு மாதிரி என்று வரைந்த தாள்களும் அந்தக் காலத்தில் உண்டு. பட்டறைக்காரர் பிடித்த பாதியை எடுத்துக்கொள்வார்.

சிக்கல் 19ஆம் நூற்றாண்டில் வருகிறது. மறுமலர்ச்சிக் கால நகைகள் மீது பணக்காரர்களுக்கு மோகம் பிடித்தபோது, அதே படங்கள் அன்றைய பட்டறைகளுக்கும் கிடைத்தன. ஜெர்மனியின் ஆகன் நகரில் வேலை பார்த்த ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் கைதேர்ந்த பொற்கொல்லர். அவருடைய வேலைப்பாட்டு வரைபடங்கள் ஆயிரத்துக்கும் மேல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1979இல் கலை வரலாற்றாளர் சார்ல்ஸ் ட்ரூமன் அவற்றைப் பற்றி எழுதிய பிறகுதான், மறுமலர்ச்சிக் காலத்தவை என்று பெரிய அருங்காட்சியகங்களே நம்பி வைத்திருந்த பல பொருட்கள் உண்மையில் வாஸ்டர்ஸின் வரைபடங்களின்படி 19ஆம் நூற்றாண்டில் செய்தவை என்பது வெளியே வந்தது. அவர்களுக்கே அப்படி என்றால், தனியாக வாங்குபவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அதனால் படத்தை ஓரமாக வைத்துவிட்டு நகையைத் திருப்பிப் பாருங்கள். வளையமும் வளையமும் உரசும் இடத்தில் தங்கம் தேய்ந்திருக்கிறதா? நூற்றாண்டுக்கணக்கில் அணிந்த நகை என்று சொல்லிவிட்டு, அங்கே தேய்மானமே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம், கெம்புக் கல்லை லென்ஸில் பாருங்கள். உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் அது ஆய்வகத்தில் உருக்கி வளர்த்த கல். அந்த வகை சந்தையில் பெருகியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பின்னால் மாற்றிய கல்லாகவும் இருக்கலாம். எனவே அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பச்சை எனாமல் (உலோகத்தின் மேல் உருக்கிப் படியவைக்கும் கண்ணாடிப் பூச்சு) இருந்தால், அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்-ரே ஒளிர்வுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நகைக்கு எந்தச் சேதமும் வராது. குரோமியம் என்ற தனிமத்தையே 1797இல்தான் கண்டுபிடித்தார்கள். பச்சை நிறத்துக்குக் காரணம் குரோமியம் என்று முடிவு வந்தால், அந்த எனாமல் 16ஆம் நூற்றாண்டில் பூசியதல்ல. பழுது பார்த்தபோது பூசியதா, நகையே பிற்காலத்தியதா என்று தேறும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.