கெர்னல் ஏன் வேறெங்கோ போய் விழுகிறது?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான மகனை வேறு வைக்கும்போது அந்தப் புள்ளிக்கென்று, அதாவது அந்தத் தனிக் குடும்பத்துக்கென்று, ஓர் அறை ஒதுக்குவார்கள். சமையல் தனி, கணக்கு தனி, வீடு மட்டும் ஒன்று. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த வளவுதான் ஞாபகம் வரும். ஒரே ஒரு வித்தியாசம்: கெர்னல் வளவில் எந்த அறைக்கும் பூட்டு கிடையாது.

சாதாரண ஆப் ஒன்று தனக்குச் சொந்தமில்லாத முகவரியைத் தொட்டால் பிராசசர் தடுத்துவிடும்; கெர்னல் அந்த ஆப்பை மூடிவிடும். கெர்னலே தவறாகத் தொட்டால் மேலே கேட்க ஆளில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் நெட்வொர்க் டிரைவர், டிஸ்க் டிரைவர், ஆடியோ டிரைவர் என்று வன்பொருளை இயக்கும் நிரல்கள் எல்லாம் ஒரே முகவரிப் பரப்பில் குடியிருக்கின்றன. ஒருவர் எல்லை தாண்டி ஒரு பைட் எழுதினால் கெடுவது பக்கத்து அறைக்காரர் சொத்து.

இதைவிடப் பொல்லாதது, திருப்பிக் கொடுத்த இடத்தை மறுபடி தொடுவது. அறையைக் காலி செய்தவர் அதன் எண்ணை மறக்கவில்லை. அறை வேறு புள்ளிக்குப் போயாகிவிட்டது. இவர் ஒருநாள் பழக்கதோஷத்தில் உள்ளே வந்து பெட்டகத்தில் எதையோ மாற்றி வைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் புதியவர் பெட்டகத்தைத் திறக்கும்போதுதான் கலவரம். கெர்னல் அப்போதுதான் 'ஊப்ஸ்' என்று ஒரு பதிவை அச்சிடும். அதில் இருப்பது கத்தியவர் பெயர், கெடுத்தவர் பெயர் அல்ல.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு வந்த ஊப்ஸ் டிஸ்க் டிரைவரைக் காட்டியது. மூன்று நாள் அதன் நிரலைக் கரைத்துக் குடித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. நெட்வொர்க் டிரைவர் ஒன்று, தான் ஏற்கனவே விடுவித்த 128 பைட் துண்டில் நாலு பைட்டை எழுதிக்கொண்டிருந்தது.

இதற்கு லினக்ஸில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. பிழைதேடும் வசதியை இயக்கி வைத்தால், விடுவித்த இடத்தில் 107 என்ற எண்ணை நிரப்பிவிடும். கெர்னல் பதிவுகள் எண்களை எழுதும் பதினாறடிமானத்தில் அது 6பி. பதிவில் 6பி6பி6பி6பி என்று ஒரு முகவரி கண்ணில் பட்டால், காலி அறையில் கிடந்ததை எடுத்து வழி என்று நம்பி யாரோ நடந்திருக்கிறார் என்று பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். யாராவது அங்கே எழுதியிருந்தால், அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் சரிபார்க்கையில் 107 கலைந்திருப்பது தெரியும். காலையில் எழுந்து பார்த்தால் வாசல் கோலம் அழிந்திருக்கிற மாதிரி. மிதித்தது யார் என்று கோலம் சொல்லாது.

மிதிக்கும்போதே பிடிக்க வந்தது கேசான் என்ற பிழைதேடும் கருவி. 2015-ல் லினக்ஸ் 4.0-வில் சேர்ந்தது. ஒரு செட்டியார் கடையின் பேரேடு போல, கெர்னல் நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் கணக்குக் குறிப்பு. இதற்கு நிழல் நினைவகம் என்று பெயர். குறிப்பு 0 என்றால் எட்டு பைட்டையும் தொடலாம். 1 முதல் 7 வரை இருந்தால் முதல் அத்தனை பைட் மட்டும். எதிர்மறை எண் என்றால் கையே வைக்கக்கூடாது.

ஒரு டிரைவர் 100 பைட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறைகளை முன்கூட்டியே 96, 128, 192 என்று வெட்டி வைத்திருப்பதால் கிடைப்பது 128 பைட் அறை. மிச்சம் 28 பைட்டில் எழுதினால் சாதாரணமாக யாருக்கும் தெரியாது. பல வருடம் தூங்கும் பிழைகள் இந்த இடுக்கில்தான் படுத்திருக்கும். பேரேட்டிலோ பன்னிரண்டு 0, பிறகு ஒரு 4, அதற்கப்புறம் எல்லாம் தடை. 101-ஆவது பைட்டைத் தொடும் அந்த நொடியே அறிக்கை வந்துவிடும். எப்படி? நினைவகத்தைப் படிக்கும், எழுதும் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் பேரேட்டைப் பார்க்கும் ஒரு சோதனையை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் முன்பே செருகி வைத்திருக்கிறது.

விடுவித்த அறையை கேசான் உடனே அடுத்தவருக்குக் கொடுக்காது. 'திரும்பி வந்தது' என்று பேரேட்டில் குறித்து, கொஞ்ச காலம் காலியாகவே போட்டு வைக்கும். பழைய ஆள் வந்தால் கையும் களவுமாகச் சிக்குவார். அறிக்கையில் மூன்று தடங்கள் இருக்கும்: இப்போது தொட்டது யார், முதலில் வாங்கியது யார், விடுவித்தது யார். அந்த மூன்றாவது தடம் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் மூன்று நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

செலவு சும்மா இல்லை. பேரேட்டுக்கே நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு போகும். வேகமும் பாதிக்குக் கீழே இறங்கலாம். ஆகவே இது சோதனைக்கூடத்துச் சரக்கு.

ஓடுகிற சர்வருக்கு 2021-ல், லினக்ஸ் 5.12-இல், கேஃபென்ஸ் என்ற இன்னொரு கருவி வந்தது. எல்லோரையும் கண்காணிக்காமல், ஏறத்தாழ 100 மில்லிவினாடிக்கு ஒரு ஒதுக்கீட்டை மட்டும் எடுத்து, தனியாக ஒரு 4,096 பைட் பக்கத்தில் வைக்கும். அதன் இருபுறமும் யாரும் நுழைய முடியாத வெற்றுப் பக்கங்கள். வழக்கமான அமைப்பில் 255 அறைகள், வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து மொத்தம் 2 எம்பி. ஒரு கணினியில் பிழை சிக்குவது அதிர்ஷ்டம்தான். ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஓடும்போது எங்கேயாவது சிக்கிவிடும்.

கேசானுக்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. தடைப் பகுதியை ஒரே தாவலில் தாண்டி, இன்னொருவர் குடியிருக்கும் அறைக்குள் போய் விழுந்தால் பேரேடு '0, தொடலாம்' என்றே சொல்லும். அறை சரி, ஆள்தான் தப்பு. ஆர்ம் பிராசசர்கள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 16 பைட்டுக்கு ஒரு நிறம், அதாவது ஒரு சிறு எண். அதே நிறம் அந்த இடத்தின் முகவரியை வைத்திருக்கும் பாயின்டரிலும் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் வன்பொருளே நிறுத்திவிடும். நிறத்துக்கு 4 பிட்தான் இடம் என்பதால் 16 நிறங்களுக்கு மேல் கிடையாது. தப்பான அறையும் தற்செயலாக அதே நிறத்தில் அமைந்துவிட்டால் அந்த ஆள் அந்தத் தடவை உள்ளே போய் வந்துவிடுவார்.